மூன்று நொடிக்கான மோதிரம்

எங்கள் குழுவில் டாங்க் நான்தான். இதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது, அதற்கு நான் பொறுப்பல்ல.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போனில் ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு அது. ஆளுக்கொரு ஊரில் இருந்தபடியே ஐந்து பேரும் ஒரே குகைக்குள் நுழைந்து ஒரு பெரிய பூதத்தைச் சாய்க்க வேண்டும். ஒருவர் முன்னால் நின்று பூதத்தின் அத்தனை அடியையும் தன் மேல் வாங்கிக்கொள்வார். அவர்தான் டாங்க். ஒருவர் தள்ளி நின்று, அடி வாங்குகிறவருக்குக் குறையும் உயிரை மந்திரத்தால் ஏற்றிக்கொண்டே இருப்பார். அவர் ஹீலர். மீதி மூன்று பேர் அடிப்பவர்கள். அடிப்பவர் ஒருவர் செத்தால் சண்டை நடக்கும். டாங்க் செத்தால் அத்தோடு எல்லாரும் காலி. எது பெரிய வேலை என்று நீங்களே சொல்லுங்கள்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் என் கணவர். அவருக்குக் கத்தாரில் ஏசி பொருத்தும் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். நான் திருக்கோகர்ணத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கும் ஒரு கிரஷரின் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். ஜல்லி லாரி மேடையில் ஏறி நிற்கும், கம்ப்யூட்டரில் எடை வரும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். போனில் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன், நீங்க' என்பதற்கு மேல் எங்கள் பேச்சு நகராமல் போன ஒரு காலம் வந்தது. இரண்டு பேருக்கும் அதில் வருத்தம்தான், ஆனால் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் ஒரு நாள் கேட்டார்.

"எங்க டீமுக்கு டாங்க் ஆள் இல்ல புள்ள. நீ வாரியா? பெருசா ஒண்ணுமில்ல, சும்மா நின்னு அடி வாங்குனாப் போதும்."

அந்த 'சும்மா'தான் எனக்குச் சுருக்கென்றது. பதினாலு வருஷமாக உங்கள் குடும்பத்தில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "வாரேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. இங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் அங்கே மூன்றரை. வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து, முகம் கழுவி, விளக்கு ஏற்றிவிட்டுப் போனோடு உட்காருவேன். கணவரும் அவருடைய அறையில் தங்கியிருக்கும் இரண்டு பேரும் அடிப்பவர்கள். ஒருவர் பட்டுக்கோட்டைக்காரர், வாய் ஓயாது. இன்னொருவர் பேசவே மாட்டார், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். ஹீலர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஹீலர் என் மூத்தார், அதாவது கணவருடைய அண்ணன். ஊரில் கடலையும் நெல்லும் போடுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் அவர் செருமினால் வீடே ஒருமுறை திரும்பிப் பார்க்கும். டிராக்டரிலிருந்து விழுந்து காலில் பிளேட் வைத்து ஆறு மாதம் கட்டிலில் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று, லீவில் வந்திருந்த தம்பி அவருடைய போனில் இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். கால் சரியாகி வயலுக்கும் போய்விட்டார், விளையாட்டை மட்டும் விடவில்லை.

எங்கள் வீட்டில் மூத்தாரோடு தம்பி பெண்டாட்டி நேருக்கு நேர் பேசுவதில்லை. சண்டையெல்லாம் கிடையாது, மரியாதை. அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பேன், பிறகு அடுப்படிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். அவருக்குக் காப்பி வேண்டுமென்றால் தன் மனைவியிடம் சொல்வார், அந்த அக்கா என்னிடம் சொல்வார். "சீனி போடலாமான்னு கேளுங்கக்கா" என்பேன். நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மனுஷன் அதைக் காதால் கேட்டுவிட்டு, அக்கா திரும்பிச் சொல்லும்வரை காத்திருந்து, "போடச் சொல்லு" என்பார். கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவர் என்னிடமோ நான் அவரிடமோ நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, பூதத்தின் முன்னால் போய் நிற்கும்வரை.

கடைசிக் குகையில் இருந்தது கல்பூதம். குவாரியிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கும். நாற்பது நொடிக்கு ஒருமுறை சம்மட்டியைத் தூக்கி ஓங்கி ஒரு போடு போடும், அதன் பின்னாலேயே மளமளவென்று சின்ன அடிகள் வரும். சம்மட்டி விழுவதற்கு முன் பூதத்தின் காலடியில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். அந்தக் கோடு டாங்க்கின் திரையில் மட்டும்தான் தெரியும். பார்த்த நொடியில் டாங்க் சொல்ல வேண்டும், ஹீலர் தன் பெரிய மந்திரத்தைத் தொடங்க வேண்டும். மற்ற குழுக்களெல்லாம் அப்படித்தான் ஆடுகின்றன.

நாங்கள் ஆடியது வேறு மாதிரி. எல்லாருடைய குரலும் எல்லாருக்கும் கேட்கும் குரூப் கால்தான். கோடு வந்ததும் நான், "மச்சான், போடச் சொல்லுங்க" என்பேன். கணவர் தன் வில்லை விட்டுவிட்டு, "அண்ணே, போடு" என்பார். அதற்குப் பிறகுதான் மூத்தார் போடுவார். நான் சொன்னது அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்? விழுந்திருக்கும். ஆனால் அது அவருக்குச் சொன்னது இல்லையே. காப்பிக்குச் சீனி போட்ட கதைதான். சம்மட்டி விழுந்து, சின்ன அடிகளும் விழுந்து, நான் மல்லாந்த பிறகு ஹீல் வந்து என் பிணத்தின் மேல் பச்சையாக மின்னிவிட்டுப் போகும்.

இதில் கோளாறு இருக்கிறது என்று எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. பட்டுக்கோட்டைக்காரர் வீட்டிலும் இதே வழக்கம்தானாம். டாங்க் தாங்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினார்கள்.

தாங்கவில்லை என்றால் உயிரைக் கூட்டு என்றார்கள். தலைக்கவசம், மார்புக்கவசம், கேடயம், மோதிரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கியர் என்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, எல்லாம் கூடி என் தலைக்கு மேல் ஒரு பவர் நம்பராக நிற்கும். எதை மாட்டினால் உயிர் ஏறுமோ அதையெல்லாம் தேடித் தேடி மாட்டினேன். நம்பர் ஜம்மென்று ஏறியது. "அப்படிப் போடுங்க மதினி" என்றார் பட்டுக்கோட்டைக்காரர். போய் நின்றேன். முன்பு முதல் சம்மட்டிக்குச் செத்தவள் இப்போது இரண்டாவது சம்மட்டிக்குச் செத்தேன்.

தொட்டியைப் பெரிதாகக் கட்டிவிட்டேன், தண்ணீர் வரும் குழாய் அதே குழாய். மூத்தார் ஏற்றும் ஹீல் அந்தத் தொட்டியில் கால்வாசியைக்கூட நிரப்பவில்லை. மனசுக்குள் அவரைத் திட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என்ன ஹீல் போடுகிறார் இந்த மனுஷன், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற மாதிரி. கணவரைத் தனியாகப் பிடித்து, "உங்க அண்ணன் ஹீல் ரொம்பக் கம்மியா இருக்குங்க" என்றேன்.

"அண்ணன்கிட்ட போய் அதை எப்படிப் புள்ள சொல்றது? விடு" என்றார்.

விட எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு நாள் எடைமேடையில் இரண்டு லாரிகள் அடுத்தடுத்து ஏறின. கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை. ஒன்று சமமாக நின்றது. இன்னொன்றில் ஜல்லியைப் பின்பக்கமாகக் குவித்திருந்தார்கள், பின்சக்கரத்து வில்பட்டை படிந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவரிடம் சொன்னேன். "எடை சரியாத்தானேக்கா இருக்கு, சீட்டக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்து, மெயின் ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் பட்டை முறிந்து நிற்கிறது என்று போன் வந்தது.

பவர் நம்பர் என்பது மொத்த எடை, அவ்வளவுதான் என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. எந்தச் சக்கரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை. என் பாரம் எந்த நொடியில் இறங்குகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை சண்டையை அப்படியே போனில் ரெக்கார்ட் செய்துகொண்டேன். சனிக்கிழமை லாரி வராத நேரத்தில் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சிவப்புக் கோடு தெரிந்ததிலிருந்து ஹீல் என் மேல் விழும்வரை எத்தனை நொடி என்று எண்ணினேன். கோடு வருகிறது. நான் கணவரிடம் சொல்கிறேன். அவர் அண்ணனிடம் சொல்கிறார். கத்தாரிலிருந்து குரல் சுற்றி வருகிறது. ஹீல் விழுகிறது. பத்து தடவை பார்த்தேன், பத்து தடவையும் நான் சொன்னதற்கும் அவர் போட்டதற்கும் நடுவில் மூன்று நொடி கூடுதலாக இருந்தது. நான் செத்துக்கொண்டிருந்தது அந்த மூன்று நொடியில்தான்.

வேறு ஊர் டாங்க் யாராக இருந்தாலும், நேராகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருப்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அது என் புத்தியில் ஏறவே இல்லை. அந்த மூன்று நொடியை எப்படித் தாங்குவது என்றுதான் யோசித்தேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் செய்த வேலையை யாராவது சம்பளத்துக்குச் செய்யச் சொன்னால் மாட்டேன் என்றிருப்பேன். காட்டில் ஒரு சின்னப் பன்றி உண்டு, ஒரே அளவாக முட்டிக்கொண்டே இருக்கும். ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்பேன். நூறு முட்டு வாங்குவேன். எவ்வளவு உயிர் குறைந்தது, எத்தனை முட்டைக் கேடயம் தடுத்தது என்று, கேன்சல் ஆன எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதுவேன். கவசத்தை மாற்றுவேன். மறுபடி நூறு. டீ கொண்டுவரும் அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்குப் பாப்பா அதுகிட்ட முட்டு வாங்கிக்கிட்டே நிக்கிற, திருப்பி அடிக்க வேண்டியதுதானே" என்றார். "கணக்குப் பாக்குறேம்மா" என்றேன். பாவம், படித்த பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

உயிர் ஏற்றும் கியரையெல்லாம் கழற்றினேன். அடியைக் குறைக்கும் கவசம் வந்தது, தடுப்பு அதிகமுள்ள கேடயம் வந்தது. எதில் ஒன்றைக் கூட்டினால் எது குறைகிறது என்று எனக்கு விரல் நுனியில் இருந்தது. அப்படியும் ஒரு நொடிக் கணக்கு உதைத்தது. அப்போது கண்ணில் பட்டதுதான் அந்த மோதிரம். நம்பர் மிகவும் குறைவு. கிடைத்த உடனே எல்லாரும் உடைத்துப் பொடியாக்கிவிடும் ரகம், பார்க்கவும் தகரம் மாதிரி இருக்கும். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பெரிய அடி ஒன்று விழுந்ததும், போட்டிருப்பவர் நகராமல் நின்றால், அடுத்த மூன்று நொடிக்கு விழும் அடியெல்லாம் பாதிதான் இறங்கும்.

மூன்று நொடி. எனக்கென்றே யாரோ எழுதி வைத்தது போல இருந்தது. நான்கு முறை படித்தேன். அதை உச்சம்வரை தீட்ட வேண்டிய கற்களைச் சேர்க்கவே ஐந்து வாரம் ஆயிற்று. தீட்டி மாட்டிய அன்றைக்கு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன்.

ஆனால் பவர் நம்பர் மடமடவென்று இறங்கியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை உள்ளே நுழைந்ததுமே பட்டுக்கோட்டைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"என்ன மதினி, நம்பர் எறங்கிக் கெடக்கு? நல்ல கியரையெல்லாம் வித்துட்டீங்களா?"

"மாத்தியிருக்கேன்."

"இந்தத் தகர மோதிரத்தைப் போட்டுக்கிட்டா கல்பூதத்துக்கிட்ட போறீங்க? நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்கிட்ட டாங்க் கியர் ஃபுல்லா இருக்கு, நம்பர் ஒங்களவிட டபுள். இன்னைக்கும் விழலைன்னா அடுத்த வாரத்துலேருந்து நான் டாங்க் பாக்குறேன். நீங்க பின்னாடி நின்னு லேசா அம்பு விடுங்க."

கணவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "சரி, இன்னைக்குப் பாப்போம்" என்றார். அவ்வளவுதான். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. உண்மையான கோபம் எதில் என்றால், நான் ஏன் இப்படிக் கியர் கட்டியிருக்கிறேன் என்பதை வாய் திறந்து சொல்ல முடியாது என்பதில். மூத்தாரும் அதே குரூப் காலில் இருக்கிறார். உங்களோடு நான் பேசாததற்காக மூன்று நொடி சேர்த்து வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்? இவ்வளவு உழைத்தும் அன்றைக்கு விழுந்தால் கேடயம் கைமாறிவிடும். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கேடயத்தைக் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

முதல் சம்மட்டி விழுந்தது. "மச்சான், போடச் சொல்லுங்க." "அண்ணே, போடு." மூன்று நொடியும் கல்லாக நின்றேன். ஹீல் வந்தபோது உயிரோடு இருந்தேன். இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது. நான் விழவில்லை. பட்டுக்கோட்டைக்காரரின் பேச்சு நின்றுபோயிருந்தது, அதை நான் கவனிக்காமல் இல்லை. பூதத்தின் உயிர் தேய்ந்து தேய்ந்து ஒரு விரல் அகலம் மிச்சமிருந்தது. இவ்வளவு தூரம் நாங்கள் வந்ததே கிடையாது.

அப்போது அங்கே கத்தாரில் நெட் போயிற்று. ஒரே அறை, ஒரே ரூட்டர். கணவர், பட்டுக்கோட்டைக்காரர், பேசாதவர், மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரையிலிருந்து மறைந்தார்கள். குரூப் காலிலிருந்தும் மறைந்தார்கள். குகைக்குள் பூதம், நான், பின்னால் மூத்தார். லைனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

சிவப்புக் கோடு ஓடியது. "மச்சான்" என்று சொல்லிவிட்டேன், பழக்கம். பதில் சொல்ல ஆள் இல்லை. சம்மட்டி விழுந்தது. அடுத்த அடிகள் விழுந்தன. ஹீல் வரவில்லை. பின்னால் மூத்தார் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார், எனக்குத் தெரிகிறது, சொல்ல வேண்டியவள் நான், என் நாக்கு எழவில்லை. அவரை என்னவென்று கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியாது. பதினாலு வருஷமாக நான் அவரை ஒன்றுமே கூப்பிட்டதில்லை. மோதிரத்தின் மூன்று நொடியும் கரைந்தது. என் உயிரைக் காட்டும் கோடு சிவந்து நூல் அளவாயிற்று. உயிரைக் கூட்டி வைத்திருந்த அந்தப் பழைய கியராக இருந்தால் அப்போதே முடிந்திருக்கும். நூல் அளவில் நின்றேன். அப்போது ஒரு ஹீல் வந்து விழுந்தது, அவராகப் பார்த்துப் போட்டது. கூடவே ஒரு செருமல் கேட்டது.

"ஆத்தா, நிக்கிறியா?"

போனைக் கையில் வைத்துக்கொண்டே நான் எழுந்து நின்றுவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை, அவர் இருப்பதோ இருபது கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் எழுந்து நின்றேன்.

"நிக்கிறேங்க" என்றேன்.

"கோடு ஒனக்குத்தான் தெரியும். வந்தா எங்கிட்டயே சொல்லு."

"சரிங்க."

நாற்பது நொடி. என் கத்தியால் பூதத்தைக் கீறிக்கொண்டிருந்தேன், டாங்க்கின் கத்தி என்ன பெரிதாக வெட்டிவிடும். கோடு ஓடியது. "வந்துருச்சு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ஹீல் வந்து விழுந்துவிட்டது. சம்மட்டி அதற்குப் பிறகுதான் இறங்கியது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஹீல் முதலில், அடி பின்னால். அடுத்த கோட்டுக்கும் அப்படியே. "வந்துருச்சு." "ம்." "வந்துருச்சுங்க." "ம்." எட்டு சம்மட்டி வாங்கினோம் இரண்டு பேரும். எட்டாவதற்குப் பிறகு பூதம் முழங்காலிட்டு, இரண்டாகப் பிளந்து சரிந்தது.

 போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன், வைக்கவும் மனசில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக அவரிடம் ஒரு வாக்கியம் பேசினேன்.

"இன்னைக்கு ஹீல் சீக்கிரமா வந்துச்சுங்க."

"நான் எப்பவும் சீக்கிரமாத்தான் ஆத்தா போடுவேன். சொல்லுதான் எனக்கு லேட்டா வரும்." நிறுத்தி, ஒரு தடவை செருமிக்கொண்டார். "அதுக்காகத்தான் மோதிரம், மந்திரக்கோலு, எல்லாத்தையும் வேகத்துக்கு மாத்தி வச்சேன். வேகத்தைக் கூட்டுனா ஹீல் கொறையுது. ஒனக்குப் பத்தாதுன்னு தெரியும். என்ன செய்யிறது, லேட்டாப் போட்டா நீ செத்துல்ல போற."

 சொட்டு மருந்து என்று நான் திட்டிய ஹீல் அது. நான் பன்றியிடம் முட்டு வாங்கிக்கொண்டு சீட்டில் எழுதிய நாட்களில், அந்தப் பக்கம் கடலை வயலின் வரப்பில் உட்கார்ந்து அந்த மனுஷனும் இதே மூன்று நொடியைத்தான் தேடியிருக்கிறார். அவர் தன் பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறார், நான் என் உயிரைக் கொடுத்துக் கவசத்தை வாங்கியிருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நானும் அந்த மூணு நொடிக்குத்தான் இந்தத் தகர மோதிரத்தைப் போட்டிருக்கேங்க" என்றேன்.

 மூத்தார் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டதில்லை. இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்த நேரம் பார்த்து அவர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்.

"யாருகிட்ட இப்படிச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கீங்க?"

"எங்க டாங்க்குகிட்ட" என்றார் மூத்தார்.

அந்த இரண்டு வார்த்தையை இன்றைக்கும் நான் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு யாரும் இவ்வளவு பெரிய பட்டம் கொடுத்ததில்லை.

நெட் வந்து மூன்று பேரும் உள்ளே நுழைந்தபோது பூதம் இரண்டு துண்டாகக் கிடந்தது. பட்டுக்கோட்டைக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதை யாரு அடிச்சா?"

"நாந்தான்" என்றேன். "நீங்க அடுத்த வாரம் பின்னாடி நின்னு லேசா அம்பு விடுங்க தம்பி."

மூத்தார் செருமினார். அதற்குப் பிறகு கேடயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கணவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு எனக்காகப் பேசாமல் இருந்ததற்கு வருத்தப்பட்டார். "நீங்க வருத்தப்படவே வேண்டாம், ஒங்க நெட் போனதே போதும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. முழுசாகச் சொல்லி முடிக்க அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம், சாப்பிட்டியா என்று கேட்கவே மறந்துவிட்டார்.

இன்றைக்கும் மூத்தார் வீட்டுக்கு வந்தால் நான் எழுந்துதான் நிற்பேன். அது மாறவில்லை, மாற வேண்டும் என்றும் எனக்கு இல்லை. ஆனால் சீனி போடலாமா என்று நானே கேட்கிறேன். "கொஞ்சமாப் போடு ஆத்தா" என்று அவரே சொல்கிறார். அக்கா நடுவில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சண்டைக்கு முன் பையைத் திறந்து மோதிரத்தைக் கழற்றினேன். உடைக்கவில்லை, பெட்டிக்குள் வைத்தேன். அதன் இடத்தில் உயிரை ஏற்றும் மோதிரம் ஒன்றை மாட்டினேன். அந்தப் பக்கம் அவரும் வேகத்தையெல்லாம் கழற்றிவிட்டுப் பலத்தை மாட்டியிருந்தார். இதைப் பற்றி நாங்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. சிவப்புக் கோடு ஓடியது. "வந்துருச்சுங்க" என்றேன். சம்மட்டி விழுந்தது, அவருடைய ஹீல் விழுந்தது, என் உயிர்க்கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பச்சையாக நிரம்பியது. டாங்க் ஆகி எட்டு மாதத்தில் அது முழுசாக நிரம்பி அன்றைக்குத்தான் பார்த்தேன்.